மேயர் மீக்கா ரங்கூனுக்கு வந்த காரணம்

விமான நிலையத்தை விட்டு வெளியே வந்த பத்தாவது நிமிடமே, நான்தான் வெளியூர்க்காரி, மீக்கா உள்ளூர்க்காரி என்று ரங்கூன் முடிவு கட்டிவிட்டது. டாக்ஸிக்காரர் என்னிடம் ஆங்கிலத்தில் இரண்டு வார்த்தை பேசினார். மீக்காவிடம் பர்மிய மொழியில் நீளமாகக் குசலம் விசாரித்தார். மீக்கா மரியாதையாகப் புன்னகைத்தார். அவர் உற்சாகமாகி இன்னும் பேச, இவர் இன்னும் புன்னகைத்தார்.

"என்ன சொல்கிறார்?" என்று என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார் மீக்கா.

"எனக்கு எப்படித் தெரியும்? உங்கள் ஒன்றுவிட்ட தம்பி மாதிரியல்லவா பேசுகிறார்" என்றேன்.

மீக்கா ஓர் இனுயிட் பெண், வடதுருவப் பழங்குடி; முகத்தைப் பார்த்தால் பர்மாக்காரி என்றே சொல்லலாம். கனடாவின் வடகோடியில், பெயருக்குக்கூட ஒரு மரம் இல்லாத தீவில், ஆயிரம் பேர் இருந்தால் அதிகம் என்கிற ஓர் ஊருக்கு மேயர். நான் மதுரையில் பிறந்தவள். விதி, விசா, வேலை எல்லாம் சேர்ந்து என்னை அந்த ஊர் மன்ற அலுவலகத்தில் எழுத்தராகக் கொண்டுபோய் உட்கார வைத்தன. பதினோரு வருஷமாக அவர் பேசுவார், நான் எழுதுவேன். நாங்கள் இரண்டு பேரும் ஜூலை மழையில் ரங்கூனுக்கு வந்து இறங்கியதற்குக் காரணம் ரோஸி.

ரோஸி எங்கள் ஊர் மருத்துவ நிலையத்தின் நர்ஸ். ரங்கூனின் லான்மடா பேட்டையில் பிறந்த கிறிஸ்தவத் தமிழ்ப் பெண். அந்தப் பனிக்காட்டில் எனக்கு வாய்த்த ஒரே தமிழ்வாய். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பனிப்புயலின் நடுவில் அவளுக்கு வயிற்றில் ஏதோ வெடித்துவிட்டது. தெற்கே பெரிய மருத்துவமனைக்கு விமானத்தில் போனால்தான் பிழைப்பாள். அன்றைக்கே ஊரின் மின்நிலையமும் நின்றுபோனது. பனி அள்ளும் வண்டி ஊருக்கு ஒன்றுதான் ஓடும் நிலையில் இருந்தது. மின்நிலையத்துக்குப் பாதை வெட்டுவதா, விமான ஓடுதளத்தைச் சுத்தம் செய்வதா என்று மேயர் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மீக்கா மின்நிலையம் என்றார். வீடுகளில் கைக்குழந்தைகளும் கிழடுகளும் விறைக்கத் தொடங்கியிருந்த நேரம் அது. ஓடுதளம் ஐந்து மணி நேரம் தாமதமாகத் திறந்தது. விமானம் வந்தபோது ரோஸி இல்லை.

அவளை அங்கேயே மேட்டில் அடக்கம் செய்தோம். ரங்கூனில் இருக்கும் அவளுடைய அக்காவுக்குக் கடிதம் எழுத வேண்டும் என்றார் மீக்கா. அந்த அக்கா எஸ்தருக்குத் தமிழும் பர்மியமும்தான் படிக்க வரும் என்பதால், தாம் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல என்னைத் தமிழில் எழுதச் சொன்னார். "வண்டியை மின்நிலையத்துக்கு முதலில் அனுப்பச் சொன்னது நான். அதனால்தான் விமானம் தாமதமானது" என்று தெளிவாகச் சொன்னார். நான் எழுதியது என்ன தெரியுமா? "கடும் பனிப்புயலால் விமானம் இறங்க முடியவில்லை. எங்களால் ஆனதையெல்லாம் செய்தோம்." துக்க வீட்டுக்குப் போகிற கடிதத்தில் யாராவது இப்படிப் பச்சையாக எழுதுவார்களா என்று நினைத்தேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் முக்கால் பங்கு மீக்காவைக் காப்பாற்றத்தான். அவர் தமிழ் எழுத்தை அழகு பார்த்துவிட்டுக் கீழே கையெழுத்துப் போட்டார்.

மூன்று மாதம் கழித்து ரங்கூனிலிருந்து ஒரு பார்சல் வந்தது. பச்சையில் அலையலையாக நெய்த ஒரு பட்டு லொஞ்சி, பர்மாக்காரர்கள் இடுப்பில் கட்டும் கைலி. கூடவே ஒரு துண்டுச் சீட்டில், "என் தங்கச்சிக்காக நீங்க பட்ட பாட்டுக்கு நன்றி" என்று தமிழில் எழுதியிருந்தது. மீக்கா அந்தத் துணியை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். அடுத்த நாள் ஊர் வானொலியில், "நான் செய்ததை அந்த அக்காவுக்கு எழுதினேன். அவர் எனக்குத் துணி அனுப்பியிருக்கிறார்" என்று ஊருக்கே சொன்னார். இனித் தேர்தலில் நிற்க மாட்டேன் என்று இருந்தவர், அந்தத் துணியின் பலத்தில் நின்றார், ஜெயித்தார். இப்போது வட்டாரச் சட்டமன்றத்துக்கே நிற்கச் சொல்லிக் கேட்கிறார்கள். "ரோஸியின் அக்காவை நேரில் பார்த்து நன்றி சொல்லிவிட்டு வந்து பதில் சொல்கிறேன்" என்று கிளம்பிவிட்டார். மொழிபெயர்க்க என்னையும் கூட்டிக்கொண்டார். 

எஸ்தர் அக்கா ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வரச் சொல்லியிருந்தார். நாங்கள் இறங்கியது வியாழன். நடுவில் இரண்டு முழு நாள் இருந்தது. அதற்குள் மீக்காவிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். இறங்கிய வியாழக்கிழமை சந்தையைச் சுற்றிப் பார்ப்பதிலேயே போயிற்று.

சந்தையில் நடந்ததைச் சொல்லாமல் விட முடியாது. கருவாட்டுக் கடை வரிசைக்குள் நுழைந்ததும் மீக்காவின் முகம் மலர்ந்தது. எங்கள் தீவில் மீனை இரண்டாகக் கிழித்துக் காற்றில் காயவைத்து அப்படியே தின்பார்கள். அதே நினைப்பில் ஒரு நீளமான கருவாட்டை எடுத்து, விலைகூடக் கேட்காமல் ஒரு கடி கடித்துவிட்டார். கடைக்கார அம்மா கன்னத்தில் தனாக்கா என்கிற மரப்பட்டைக் குழம்பு பூசியிருந்தார். அது விரிசல் விடும் அளவுக்கு வாயைப் பிளந்தார். பக்கத்துக் கடைக்காரிகளும் கூடிவிட்டார்கள். மீக்கா கண்ணை மூடி மென்று, "உப்பு ஜாஸ்தி, ஆனால் இது மீன்" என்று தீர்ப்புச் சொன்னார். அவர்கள் கைதட்டிச் சிரித்து, இன்னொரு வகை, இன்னொரு வகை என்று நீட்டினார்கள். ஒரு பாஷையும் இல்லாமல் நான்கு பெண்கள் அரை மணி நேரம் கருவாட்டைப் பற்றிப் பேசியதை நான் அன்றுதான் பார்த்தேன். அன்று அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்தார். நான் சொல்லவில்லை.

மழை நிற்பதும் பெய்வதுமாக இருந்தது. இந்த ஊரில் மழைக்காலத்தில் எல்லாமே கொஞ்சம் தள்ளி நிற்கிற மாதிரி தெரிகிறது. எதிர்ப்புறக் கட்டடம், பஸ், குடை பிடித்து நடக்கிற பிக்கு எல்லாமே ஈரத்துக்குப் பின்னால் மிதந்து போயின. மின்சாரம் வருவதற்கும் போவதற்கும் ஒரு கணக்கும் இல்லை. மின்விசிறி சுற்றும்போது தூக்கம் வரும், நின்றால் தூக்கம் தெளியும், இரண்டுக்கும் நடுவில் ஒரு மயக்கம். "எங்கள் கோடைக் கடல் மூடுபனி மாதிரி இருக்கிறது, ஆனால் யாரோ அடியில் அடுப்பை வைத்துவிட்டார்கள்" என்றார் மீக்கா.

வெள்ளிக்கிழமை லான்மடாவில் நடந்தோம். ஒவ்வொரு மாடியிலிருந்தும் ஒரு கயிறு தெருவரை தொங்குகிறது. அதன் நுனியில் ஒரு கிளிப். காய்கறிக்காரர் பையை அதில் மாட்டுகிறார், மேலேயிருந்து இழுத்துக்கொள்கிறார்கள். மீக்கா அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்து ஒரு தேநீர்க்கடையின் முக்காலியில் இடித்துக்கொண்டார். சரி, உட்காருவோம் என்று உட்கார்ந்தோம். மோகிங்கா வந்தது, மீன் குழம்பில் மிதக்கும் அரிசிச் சேமியா. சென்னையில் படித்தபோது பர்மாக்காரர்களின் தள்ளுவண்டியில் அதே மொய்ங்காவைத் தின்ற திமிரில், "இது எனக்குத் தெரியும்" என்று முதல் கரண்டியை வாயில் வைத்தேன். எனக்குத் தெரியவில்லை. இதில் வாழைத்தண்டின் வாசனையும் மீனின் நெடியும் வேறு எங்கேயோ கொண்டுபோயின.

பக்கத்து மேஜையில் இரும்புக் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் நான் தமிழில் முணுமுணுத்ததைக் கேட்டுத் திரும்பினார். நெற்றியில் விபூதி, இடுப்பில் லொஞ்சி. எங்கள் கதையைக் கேட்டார்.

"இந்த அம்மா மேயரா? அப்புடியா! வூட்டுக்காரர் வரலீங்களா கூட?"

மொழிபெயர்த்தேன். மீக்கா, "அவர் சீல் என்கிற கடல்நாய் வேட்டைக்குப் போயிருக்கிறார். நான் சம்பளம் வாங்கி அவர் படகுக்குப் பெட்ரோல் போடுகிறேன். அவர் எனக்கு இறைச்சி கொண்டுவருகிறார்" என்றார்.

"நல்ல ஏற்பாடு. எங்க வூட்டுல நான் இறைச்சியும் கொண்டாரணும், பெட்ரோலும் போடணும்" என்று அவர் சிரித்தார்.

எனக்கு எங்கள் பக்கத்து ஊராட்சி ஞாபகம் வந்தது. தலைவி பெயரைக் கூப்பிட்டால் கணவர் எழுந்து வந்து மாலையை வாங்கிக்கொள்வார். அந்த அம்மா எங்கோ பின்வரிசையில் முந்தானையைச் சரிசெய்துகொண்டிருப்பார். மீக்காவின் மன்றத்தில் ஏழு பேரில் ஐந்து பேர் பெண்கள். ஆண்கள் வேட்டை, கடல் என்று போய்விட, பள்ளிக்கூடம், மருத்துவ நிலையம், அலுவலகம் எல்லாவற்றிலும் பெண்கள் உட்கார்ந்தார்கள். அங்கிருந்து மன்றத்துக்கு நாலு அடிதான். முதுகுப்பக்கம் பை வைத்துத் தைத்த கோட்டுக்குள் பிள்ளையைப் போட்டுக்கொண்டு, நின்றபடியே ஆடி ஆடி அதைத் தூங்கவைத்துக்கொண்டு, சாக்கடைத் திட்டத்தைக் கிழி கிழி என்று கிழிப்பார்கள். யாரும் குரலை உயர்த்துவதில்லை. ஒருவர் பேசி முடித்ததும் கொஞ்ச நேரம் சும்மா இருப்பார்கள். நான் சேர்ந்த புதிதில் அந்தச் சும்மா இருக்கும் நேரத்தில் புகுந்து பேசிப் பேசி மானத்தை வாங்கிக்கொண்டேன்.

இன்னொன்றும் உண்டு. முடிவு எடுத்தவர்தான் அதைச் சொல்ல வேண்டும். நோட்டீஸ் ஒட்டிவிட்டு வீட்டுக்குப் போக முடியாது. ஒரு வீட்டுக்குத் தண்ணீர் வண்டியை நிறுத்தினால், மேயர் அந்த வீட்டுப் படியேறி, பூட்ஸைக் கழற்றிவிட்டு, தேநீர் குடித்து, "நிறுத்தியது நான்" என்று சொல்லிவிட்டு வர வேண்டும். அவர்கள் திட்டினால் கேட்டுக்கொள்ள வேண்டும். இதையெல்லாம் பதினோரு வருஷம் பக்கத்திலிருந்து பார்த்தவள்தான் நான். பார்த்தும் அந்தக் கடிதத்தை அப்படி எழுதினேன்.

தேநீர் இரண்டாவது கோப்பை வந்தபோது மீக்கா கைபேசியில் பேத்தியின் படத்தை எடுத்துப் பார்த்தார். ரோஸி போன மறுமாதம் பிறந்த பிள்ளை. அதற்கும் ரோஸி என்றுதான் பெயர். அங்கே பெயர் வைப்பது வெறும் ஞாபகார்த்தம் இல்லை. பெயர் வந்துவிட்டால் ஆளே வந்த மாதிரி. ஊர்க்கிழவர்கள் அந்தப் பிள்ளையிடம் வந்து வாயைத் திறந்து, "நர்ஸம்மா, இந்தப் பல் வலிக்கிறது" என்று காட்டுவார்கள். அது விரலை வாய்க்குள் விடும். "எஸ்தர் என் பேத்திக்கு அக்கா. நான் உறவுக்காரி வீட்டுக்குப் போகிறேன்" என்றார் மீக்கா.  தேநீரைக் குடித்துவிட்டுக் காசைக் கொடுத்து எழுந்தேன்.

சனிக்கிழமை த்வாண்டே போனோம். பானை செய்யும் ஊர், கால்வாய் ஓரம். மீக்காவுக்கு மண்ணே அதிசயம். எங்கள் தீவில் பாறையும் பனியும்தான். ஆற்றைப் படகில் தாண்டி, அந்தப் பக்கம் ஒரு பிக்கப் வண்டியில் தொற்றிக்கொண்டோம். வண்டியில் பன்னிரண்டு பேர், ஆறு கோழி, ஒரு தையல் மெஷின். இரு பக்கமும் நாற்று வயல் தண்ணீராய் விரிந்து கிடந்தது. மழை அதன் மேல் சத்தமே இல்லாமல் இறங்கியது. மீக்கா சீல்தோல் கையுறை ஒன்றை எஸ்தருக்காகக் கொண்டுவந்திருந்தார். முப்பது டிகிரி வெயிலூருக்குச் சீல்தோல் கையுறை! அதை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே, ஞாயிற்றுக்கிழமை என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தார்.

"முதலில், என்னை மன்னித்ததற்கு நன்றி என்று சொல்வேன். அதை நீ தமிழில் அழகாகச் சொல்ல வேண்டும்."

அந்த இடத்தில் வண்டி இருமிக்கொண்டு நின்றது. டிரைவர் இறங்கி மூடியைத் திறந்தார், மூடினார், வெற்றிலையைத் துப்பினார். எல்லோரும் இறங்கி எதிரே இருந்த கீற்றுக் கொட்டகைக்குள் ஒதுங்கினோம். கொட்டகைக்காரப் பெண் எங்களுக்கு மட்டும் ஒரு பலகையைத் துடைத்துப் போட்டார். இனியும் சொல்லாவிட்டால் நான் மனுஷியே இல்லை என்று தோன்றியது.

"மீக்கா, அவர் உங்களை மன்னிக்கவில்லை" என்றேன். "மன்னிக்க வேண்டிய விஷயம் எதுவும் அவருக்குத் தெரியாது. நீங்கள் சொன்னதை நான் எழுதவில்லை. புயல் என்று எழுதினேன். அவர் துணி அனுப்பியது அதற்கு."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவர் பேசி முடித்த பின் சும்மா இருப்பார்கள் என்று சொன்னேனே, அது இவ்வளவு நேரம் நீண்டு நான் பார்த்ததில்லை. கோழிகள் கொக்கரித்தன. யாரோ ஒரு அம்மா, "இந்த வண்டியை நம்பினதுக்கு நான் மாட்டை ஓட்டிட்டு வந்திருக்கலாம்" என்று புலம்பியதாகக் கொட்டகைக்காரப் பெண் அரைகுறை ஆங்கிலத்தில் எனக்குச் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"நீ எழுதியதைச் சொல்" என்றார் மீக்கா கடைசியில்.

சொன்னேன். மனப்பாடமாக இருந்தது. இரண்டு வருஷமாக அது என்னை விட்டால்தானே.

"நான் வானொலியில் ஊருக்குச் சொன்னேன், அவருக்கு எல்லாம் தெரியும் என்று. அதைக் கேட்டுத்தான் எனக்கு ஓட்டுப் போட்டார்கள்."

"தெரியும்."

"அன்றைக்கும் நீ பக்கத்தில்தான் இருந்தாய்."

"இருந்தேன்."

"எனக்காகச் செய்தாயா?"

"ஆமாம்."

"அப்படியானால் என்னைக் கேட்டிருக்க வேண்டும்."

அவ்வளவுதான். கோபத்தைக் காட்டுவது சின்னப் பிள்ளைகள் செய்கிற காரியம் என்பது அவர்களுடைய வளர்ப்பு. எழுந்து போய் மற்றவர்களோடு வண்டியைத் தள்ளினார். நாலு வசவு வைதிருந்தால் எனக்கு எவ்வளவோ தேவலாம். நானும் போய்த் தள்ளினேன். சேறு முழங்கால் வரை தெறித்தது. த்வாண்டேயில் ஆள் உயரப் பானைகள் மழையில் வரிசையாக நின்றன. அவர் ஒவ்வொன்றின் வயிற்றிலும் கையை வைத்துப் பார்த்துக்கொண்டு நடந்தார்.  திரும்பும் படகில்தான் வாயைத் திறந்து, "நாளை போகிறோம். நான் சொல்வதைச் சொல். அவர் சொல்வதைச் சொல்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை எஸ்தர் அக்காவின் வீட்டுக்கு மூன்று மாடி ஏறினோம். செங்குத்தான மரப்படி. அறுபது வயதுக்காரர், ஒல்லி, வெள்ளைச் சட்டையும் நீல லொஞ்சியும். ரோஸியின் தாடை அப்படியே இருந்தது. கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது அந்தக் கட்டடத்தின் தண்ணீர் மோட்டார் சாவி அவர் கையில். மின்சாரம் வருகிற கொஞ்ச நேரத்தில் எந்த மாடிக்கு முதலில் தண்ணீர் என்று அவர்தான் சொல்வார். படியில் எதிர்ப்பட்டவர்கள் எல்லாம் "டாவ் எஸ்தர், டாவ் எஸ்தர்" என்று பர்மிய மரியாதையோடு கூப்பிட்டு ஏதோ முறையிட்டுக்கொண்டே போனார்கள்.

"வாங்க வாங்க, மேயரம்மா. மழையில நனைஞ்சிட்டீங்களே. நீங்களும் உட்காருங்க தங்கச்சி. தேங்காய்ப்பால் கவுசுவே நூடுல்ஸ் பண்ணியிருக்கேன், ரோஸிக்குப் பிரியம்." கிண்ணங்களை எடுத்து வைத்தார். மீக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "எவ்ளோ தூரத்திலேருந்து வந்திருக்கீங்க. எங்க ரோஸிக்காகப் பாடுபட்டவங்க" என்றார். நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். 

மீக்கா கிண்ணத்தைத் தொடவில்லை. "சாப்பிடும் முன் ஒன்று சொல்ல வேண்டும். கேட்ட பிறகு எனக்குச் சாப்பாடு போடலாமா வேண்டாமா என்று நீங்கள் முடிவு செய்யுங்கள்" என்றார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். புயல் நடுவில் நாலு மணி நேரம் விட்டது, விமானம் இறங்கியிருக்கலாம். வண்டி ஒன்று. மின்நிலையம். "சொன்னது நான்." பையிலிருந்து பச்சை லொஞ்சியை எடுத்து மேஜை மேல் வைத்தார். "இது தெரியாமல் கொடுத்தது. வாங்கிக்கொள்ளுங்கள்."

வாக்கியம் வாக்கியமாகத் தமிழில் சொன்னேன். எஸ்தர் அக்கா மீக்காவைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடுதாசியில புயல்னுல்ல எழுதியிருந்துச்சு."

"எழுதினது நான், அக்கா. அவங்க சொன்னது வேற. நான் மாத்திட்டேன். அவங்களுக்கே நேத்துத்தான் தெரியும்."

அவர் வாயைத் திறப்பதற்குள் தெரு முழுக்கச் சத்தம் கிளம்பியது. "மீ லாபீ!" கரண்ட் வந்துவிட்டது. மின்விசிறி ஒரு முனகலோடு சுற்றத் தொடங்கியது. எஸ்தர் அக்கா எழுந்தார். சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனார். மோட்டார் உறுமியது. படிக்கட்டில் பர்மிய மொழியில் வாக்குவாதம் நடந்தது. கீழ்வீட்டு ஆள் கத்தினார். இவர் கத்தவில்லை. திரும்பி வந்து, ஈரக் கையை லொஞ்சியில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"அஞ்சாவது மாடியில கைப்பிள்ளை இருக்கு, அதான் முதல்ல அங்க தண்ணி விட்டேன். கீழ்வூட்டுக்காரன் நான் அவங்ககிட்ட காசு வாங்கிட்டேங்கிறான்" என்று யாருக்கோ போலச் சொன்னார். பிறகு மீக்காவைப் பார்த்தார்.

"ரோஸிக்குத் தெரியுமா? நீங்க வண்டிய அங்க அனுப்புனது?"

"தெரியும். வழி தவறாமல் இருக்கக் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு புயலில் மருத்துவ நிலையத்துக்கு நடந்து போனேன். முதலில் அவளிடம்தான் சொன்னேன்."

இது எனக்கே தெரியாது. இந்த இரண்டு வருஷத்தில் அவர் என்னிடம் சொன்னதில்லை.

"அவ என்ன சொன்னா?"

"முகத்தில் ஆக்ஸிஜன் மூடி இருந்தது. பேச முடியவில்லை. புருவத்தை உயர்த்தினாள்."

எஸ்தர் அக்காவுக்கு விளங்கவில்லை. நான் விளக்கினேன். அந்த ஊரில் ஆமாம் என்பதற்கு வாயைத் திறக்க மாட்டார்கள், தலையையும் ஆட்ட மாட்டார்கள். புருவத்தை லேசாக மேலே தூக்கினால் ஆமாம். ரோஸி அந்த ஊருக்கு வந்த கொஞ்ச நாளிலேயே அதைப் பழகிவிட்டாள். என்னிடம் தமிழில் பேசும்போதுகூட அப்படித்தான் பதில் சொல்வாள்.

எஸ்தர் அக்கா தன் புருவத்தை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார்.

"எங்க ரோஸி பயந்தாலும் அப்படித்தான்" என்றார். "சின்னதுல ஊசி போடற ஆளப் பார்த்தாலே புருவம் ரெண்டும் நெத்திக்கு ஏறிடும்."

அதை ஆங்கிலத்தில் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. சொன்னேன்.

மீக்காவின் முகம் இறுகியது. "எனக்கும் தெரியாது" என்றார். "இரண்டு வருஷமாக அது ஆமாம் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். அவள் முகம் உங்களுக்குத்தான் தெரியும். அது ஆமாமா, பயமா?"

"எனக்கெப்படித் தெரியும்? கூட இருந்தது நீங்க. நான் இல்லியே!" என்று எஸ்தர் அக்கா உடைந்து அழுதார். மேஜையைப் பிடித்துக்கொண்டு, தோள் குலுங்க, வாய்விட்டு அழுதார். மீக்காவும் அழுதார். நானும் அழுதேன், ஆனால் அங்கே அழ எனக்கு உரிமை இல்லை என்று தெரிந்தே அழுதேன்.

கொஞ்சம் ஓய்ந்ததும் மீக்கா கைபேசியை நீட்டினார். பேத்தியின் படம். பெயர் வந்த விஷயத்தையும், ஊரே அதை நர்ஸம்மா என்று கூப்பிடுவதையும், எஸ்தர் அதற்கு அக்கா முறை என்பதையும் சொன்னேன். எஸ்தர் அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"என் தங்கச்சிக்கு இவ்ளோ முடி கிடையாது" என்றார். அழுகைக்கு நடுவில் ஒரு சிரிப்பு வந்து போனது. படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பச்சை லொஞ்சியை எடுத்தார். கொண்டுபோய் அலமாரியில் வைத்துச் சாத்தினார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. சொல்வார் என்று எதிர்பார்த்த என் புத்தியை என்ன சொல்ல.

"சாப்பிடுங்க. ஆறிப்போச்சு. சோத்துக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது" என்றார்.

சாப்பிட்டோம்.  மீக்கா கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு, தேர்தல் விஷயத்தை எடுத்தார். "இன்னும் பெரிய பொறுப்புக்கு என்னை நிற்கச் சொல்கிறார்கள். நீங்கள் வேண்டாம் என்றால் நான் நிற்க மாட்டேன். மேயர் பதவியிலிருந்தும் இறங்கிவிடுவேன்."

எஸ்தர் அக்கா கிண்ணங்களை ஒன்றின் மேல் ஒன்று அடுக்கினார்.

"இப்ப உங்க ஊர்ல எத்தினி வண்டி ஓடுது?"

"ஒன்றுதான். இன்னொன்று கேட்டு இரண்டு வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்."

"யார் குடுக்கணும் அத?"

"சட்டமன்றம்."

"நீங்க நிக்கப் போறீங்களே, அதா?"

"அதுதான்."

எஸ்தர் அக்கா நிமிர்ந்தார். "அப்பறம் என்ன என்னைக் கேக்கறீங்க? போயி நில்லுங்க. நீங்க வூட்டுல உக்காந்து அழுதா அடுத்த புயலுக்கு யாரு வண்டி குடுப்பா? ரெண்டாவது வண்டி வந்துச்சுன்னா எனக்குக் கடுதாசி போடுங்க. வரலேன்னாலும் போடுங்க, வரலேன்னு." என் பக்கம் திரும்பாமலே, என்னைக் கையால் காட்டினார். "ஆனா இவங்க எழுத வேணாம். உங்க கையால இங்கிலீசுல எழுதுங்க. படிச்சுச் சொல்ல நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்."

மீக்கா என்னைப் பார்த்தார். "என்ன சொல்கிறார்?"

சொன்னேன். நிற்கச் சொன்னதைச் சொன்னேன், வண்டியைச் சொன்னேன், வந்தாலும் வராவிட்டாலும் எழுதச் சொன்னதைச் சொன்னேன். கடைசியாக, என்னைப் பற்றிச் சொன்னதையும் சொன்னேன்.